பஞ்சு மேஸ்திரி அம்மாவை ஏற்றியது

"என் கைபட்ட சாமான்ல இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. பீரோவையே பூ மாதிரி இறக்குறவன், பெத்தவளைப் பார்த்துக்க மாட்டேனா? முதியோர் இல்லமாம்! நான் இருக்கிறவரைக்கும் எங்கம்மா இந்த வாசப்படியைத் தாண்ட மாட்டா!"

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியின் மேஸ்திரி, தன் அக்காவிடம் போனில் இப்படி முழங்கியதும் லாரியில் இருந்த ஆட்கள் கைதட்டினார்கள். தட்டாதவன் மறுநாள் மூன்றாவது மாடிக்கு பீரோ தூக்க வேண்டியிருக்கும்.

பஞ்சு என்பது, சாமானைப் பஞ்சு மாதிரி கையாள்வதால் தொழில் கொடுத்த பட்டம். அந்தத் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு வசனம் உண்டு. வீட்டுக்காரர் மேஜையில் கீறலைக் கண்டு அலறினால், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "ஏத்தும்போதே இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட வேண்டும். பஞ்சு மேஸ்திரி அதைச் சொன்னதே இல்லை. சொன்ன ஒருவனை நடுரோட்டில் லாரியை நிறுத்தி இறக்கிவிட்டவர்.

கல்யாணம் செய்துகொள்ளாத மேஸ்திரியின் வீட்டில் அம்மா மட்டும்தான். அம்மாவுக்கு நினைவு போய்விட்டது, நடமாட்டம் போகவில்லை. எழுந்தால் நடப்பாள், நடந்தால் விழுவாள். பார்த்துக்கொள்ள வந்த முதல் பெண்ணை அம்மா கடித்தாள். இரண்டாமவளை மேஸ்திரியே அனுப்பிவிட்டார். "ஒத்தைக் கையைப் பிடிச்சு இழுக்கிறே? சோபாவைக்கூட இப்படித் தூக்க மாட்டாங்கம்மா!"

பிறகு தன் தொழில் சாஸ்திரப்படி வீட்டையே பொட்டலமாகக் கட்டினார். மேஜை முனை, கதவு நிலை, கட்டில் கால், எல்லாவற்றிலும் லாரிக் கம்பளியைச் சுற்றி டேப் ஒட்டினார். வீடு, நாளைக்கே காலி செய்யப்போகிற வீடு மாதிரி ஆனது. அம்மாவும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

"எப்பப்பா கிளம்புறோம்?"

"எங்கேயும் போகலம்மா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "டேய், இது வீடா, கோடவுனா?"

"அடிபடாமப் பார்த்துக்கறேன்ல? இல்லேன்னா நீ கூட்டிட்டுப் போயேன்."

"எங்கடா வைக்கிறது? என் மாமியார் என் கட்டில்ல படுத்திருக்கா, நான் சமையல்கட்டுல படுத்திருக்கேன். அந்த இல்லத்துல எந்நேரமும் ஆள் இருக்கும்டா தம்பி. இங்க பகல்ல யாரு இருக்கா?"

அதற்கு மேஸ்திரி கண்டுபிடித்த பதில் ஒரு பெல்ட்.

லாரியில் ஃப்ரிட்ஜை நிற்கவைத்துக் கட்டும் அகலமான பெல்ட். அதைக் கொண்டு நாற்காலியை ஜன்னல் கம்பியோடு சேர்த்தார், அம்மாவை நாற்காலியோடு சேர்த்தார். உடம்பை உறுத்தாமல் நடுவே மடித்த கம்பளி. மத்தியானம் ஓடி வந்து அவிழ்த்து, சோறூட்டி, துணி மாற்றி, மறுபடி கட்டிவிட்டு ஓடுவார். மலைப்பாதையில்கூட நகராத கட்டு. ஃப்ரிட்ஜுக்கும் தாயாருக்கும் உள்ள ஒரே ஒரு வித்தியாசத்தைத்தான் அவர் யோசிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் எழுந்திருக்கப் பார்க்காது.

ஒருநாள் லோடு இறக்கப்போன இடத்தில் லிஃப்ட் ரிப்பேர். மத்தியானம் வர முடியவில்லை. பொழுது சாயும்போது கதவைத் திறந்தார். அம்மா நாற்காலியிலிருந்து சரிந்து தொங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய பெல்ட் அக்குளைக் கடந்து தாடைக்குக் கீழே ஏறியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கம்பளி நனைந்து நாறியது. நூறு வீட்டுக் கட்டுகளை அவிழ்த்த விரல்களுக்கு அந்தக் கொக்கி மட்டும் பிடிபடவில்லை. கத்தியால் அறுத்தார்.

மூச்சு வந்ததும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்பீங்க ஐயா. எவனோ பாவி கட்டிப்போட்டுட்டான். என் பையன் வரட்டும், அவனைச் சும்மா விடமாட்டான்."

மறுநாள் காலை மேஸ்திரி ஆட்களைக் கூப்பிடவில்லை. தானே அம்மாவை இரண்டு கையிலும் ஏந்தி, வாசப்படியைத் தாண்டி, லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்தார்.

"கிளம்பிட்டோமாப்பா?"

"ஆமாம்மா."

இல்லத்தில் உடை மாற்றிய நர்ஸ், அம்மாவின் கழுத்திலிருந்து அக்குள்வரை ஓடிய கறுத்த பட்டையைப் பார்த்தாள். பெல்ட்டின் நெசவுகூடத் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது.

"இது என்ன சார்? வர்ற வழியில ஏதாவது அடிபட்டுச்சா?"

பஞ்சு மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றார். "ஏத்தும்போதே இருந்துச்சு."