கூடத்தில் உதிர்ந்த பாறை

அந்தத் தையல்காரிக்குத் தெருவில் 'பாறைக்கா' என்றுதான் பெயர். அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் கூடத்தின் பாதியைப் பாறை அடைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் குடியிருந்தால் ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? உடைக்க முடியாத பாறையைச் சுற்றி யாரோ பிடிவாதக்காரர் வீட்டைக் கட்டியிருந்தார். பாறையின் உடம்பு கூடத்தில். தலை மட்டும் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே.

வீடு வாங்கிய அன்று பஸ் கண்டக்டரான அவள் கணவர், "கல்லுதானே, அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்" என்றார்.

சும்மா கிடக்கவில்லை. உதிர்ந்தது. தினமும் காலையில் ஒரு முறம் மணல். தையல் மிஷினில் மணல், ஊசி டப்பாவில் மணல். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி புது ரவிக்கையோடு திரும்பி வந்து, "என்னத்த வெச்சு தெச்சீங்க? நாள் பூரா சொறிஞ்சுக்கிட்டே பாடம் நடத்தினேன்" என்று சண்டை போட்டாள். வெயில் தாழ்ந்தால் பாறை 'டக்' என்று சத்தம் போடும். அசந்து தூங்கும் கண்டக்டர், யாரோ பஸ்ஸைத் தட்டுவதாக நினைத்து, "யாருப்பா எறங்கணும்?" என்பார்.

கல் உடைப்பவரை அழைத்து வந்தார்கள். அவர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"ஏண்ணே?"

"தானா போய்க்கிட்டிருக்கிற கல்லும்மா இது. போற உசுர அடிக்கிற பழக்கம் எனக்கில்ல."

தானாகப் போகிறதென்றால் எப்போது போய்ச் சேரும்? பேண்ட் தைக்கக் கொடுக்க வந்த நிலவியல் பேராசிரியரிடம் கேட்டாள். அவர் அளவு கொடுக்க வந்ததையே மறந்து பாறையைத் தடவினார்.

"பகல்ல சூட்டுல விரியுது, ராத்திரி குளிர்ல சுருங்குது. அதான் வெங்காயம் மாதிரி தோல் உரியுது. மழைத்தண்ணி உள்ள எறங்கி கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா களிமண்ணாக்குது. அதோ, அந்த விரிசல்ல ஒரு வேர் புகுந்துட்டா ஆப்பு அடிச்ச மாதிரி பொளந்துடும்."

"மொத்தமா கரைய எவ்வளவு நாளாகும் சார்?"

"பன்னெண்டாயிரம் வருஷம்."

"கொஞ்சம் முன்னப்பின்ன ஆகாதா? ஹாஸ்டல்ல இருக்கிற மக படிப்பு முடிச்சு வந்தா படுக்க எடம் வேணுமே."

பேராசிரியர் கண்ணை மூடி யோசித்தார். "பதினோராயிரம்னு வெச்சுக்குங்க."

கைகட்டி உட்காரும் பிறவி இல்லை அவள். மத்தியானம் ஏணி போட்டு ஏறி, கொதிக்கும் பாறைத் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றினாள். விரிசலில் ஆலங்கன்று ஒன்றை நட்டாள்.

"வீட்டுக்குள்ள ஆலமரமா? ஊரே சிரிக்கும்" என்றார் கணவர்.

"இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கு?"

ஒன்பதாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாறை இரண்டாகப் பிளந்தது. பெரிய சத்தமில்லை, யாரோ இடுப்புக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டது போல ஒரு பெருமூச்சு. நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி. அதன் கடைசியில், பின்சுவரில், ஒரு கதவு! வரைபடத்தில் அங்கே கதவு இருந்திருக்கிறது. கொத்தனார் பாறையைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்து வைத்துவிட்டார்.

எச்சில் கையோடு போய்த் தள்ளினாள். எதிரே அடுத்த தெரு வீட்டின் சமையலறை. ஒரு பெரியவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க தட்டத் தட்ட நானும் பதிலுக்குத் தட்டிக்கிட்டே இருந்தேன். இப்பதான் தெறக்கத் தோணிச்சாக்கும்?" என்றார்.

பஸ் நிறுத்தம் அந்தத் தெருவில்தான். சுற்றிப் போனால் கால் மணி நேரம். பாறைக்குள் புகுந்து பெரியவர் சமையலறை வழியாகப் போனால் ஒரு நிமிடம். முதலில் கண்டக்டர் அந்த வழியே வேலைக்குப் போனார். மறுவாரம் தெருவே போனது. பெரியவர் ஆட்களை வழிமறித்து ஊர்க்கதை பேசினார். போகிற போக்கில் அவளிடம் பட்டன் தைக்கக் கொடுத்தார்கள், வருகிற வழியில் வாங்கிக்கொண்டார்கள். பேச்சுத்துணை கிடைத்ததில் அவள் முகம் தெளிந்துபோனது. படிப்பு முடித்து வந்த மகள்தான், பெட்டியோடு கூடத்தில் நின்று, "ஏம்மா, ரோட்டுல எந்த ஓரமா படுக்கணும்?" என்றாள்.

போன மாதம் நகராட்சி ஊழியர் வந்தார். டேப்பை நீட்டி அளந்தார்.

"பொது வழியில மிஷின் போட்டிருக்கீங்க. ஆக்கிரமிப்பு" என்று நோட்டீசை நீட்டினார்.

அவள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

"அக்கா, கொஞ்சம் கால எடுங்க."

எடுத்தாள்.