வைக்கோலுக்குள் இருந்த பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு ஆடியில் பொன்னுலிங்கம் இறந்தபோது, அவர் பதினாறு வருஷம் பஸ் ஓட்டியதை ஊரில் யாரும் பேசவில்லை. ஒரு வைக்கோல் படப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அதையும் தப்பாகப் பேசினார்கள்.

நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற தடத்தில் அவருக்கு வண்டி. வழியில், வயல்களுக்கு நடுவே, ஒரு சின்ன கால்வாய்ப் பாலம் உண்டு. பாலம் பழுதென்று சர்க்கார் அதன் பக்கத்தில் ஒரு இரும்புத் தூணை நட்டு, மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போகக்கூடாது என்று பலகை மாட்டியது. அது நட்டது ஐம்பத்து மூன்று மார்கழியில். பொன்னுலிங்கம் அப்போது டைபாய்டு காய்ச்சலில் கிடந்தார். இரண்டு மாதம் கழித்து அவர் வண்டி ஏறியபோது கும்பப்பூ என்கிற மாசி நெல் அறுப்பு முடிந்திருந்தது. தூணைக் காணோம்.

அந்த வயலுக்குச் சொந்தக்காரர் தாணப்பன். அந்தப் பக்கத்தில் வைக்கோலைச் சும்மா குவிப்பதில்லை. நடுவில் ஒரு கம்பு நட்டு, அதைச் சுற்றி மிதித்து மிதித்து ஏற்றுவார்கள். கம்பு அசையாவிட்டால்தான் காற்றுக்குப் படப்பு நிற்கும். சர்க்கார் சிமெண்டு போட்டு ஊன்றிய இரும்புத் தூணைவிட அசையாத கம்பு தாணப்பனுக்கு எங்கே கிடைக்கும்? தூணையும் பலகையையும் உள்ளே வைத்து ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றிவிட்டார்.

மாசியில் ஒரு நாள் பர்லாங்கு கல்லுக்கு ஒரு போலீஸ்காரராக நின்று, கையில் கடிகாரம் வைத்து நேரம் பார்த்து, பொன்னுலிங்கத்தின் வண்டியை நிறுத்தினார்கள். இருபத்தாறு மைல் வேகம்.

"பலகை எங்க ஏமானே?" என்று பொன்னுலிங்கம் கேட்டார். போலீஸ்காரரும் சுற்றிப் பார்த்தார். கண்டக்டர் ரசலையன் இறங்கிப் போய்ப் படப்பின் பக்கவாட்டில் கையை விட்டு, "இன்னா இருக்கு. உள்ள இரும்பாக்கும்," என்றான். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரருக்கும் சிரிப்பு வந்தது. "அதைக் கோர்ட்டில சொல்லும்," என்று எழுதிக்கொண்டு போனார்.

வேறு டிரைவராக இருந்தால் குற்றத்தைச் சம்மதித்து அபராதம் கட்டிவிட்டுப் போயிருப்பார். பொன்னுலிங்கத்தால் முடியாது. ஏற்கெனவே இரண்டு வேகக் கேஸ் அவர் பேரில் இருந்தது. இரண்டும் பஸ் முதலாளியின் நேரப் பட்டியலுக்காக ஓட்டி வாங்கியவை. மூன்றாவது விழுந்தால் லைசென்ஸ் போய்விடும்.

அவர் தாணப்பனிடம் போனார்.

"அதுக்கென்ன, நான் வந்து சொல்லுகேன் ஓய். என் வைக்கல், நான் வச்சது. இதில ஒளிக்க என்ன இருக்கு?" என்றார் தாணப்பன். மனதாரத்தான் சொன்னார். ஆனால் சர்க்கார் பலகையை மறைப்பது தனிக் குற்றம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மறுநாள் படப்பு களத்துக்குப் போய்விட்டது. தூணைத் தேங்காய்ச் சவுரி நாரை வைத்துத் தேய்த்துக் கழுவியிருந்தது.

ரசலையனும் வரவில்லை. "கோர்ட்டுக்குப் போனா அப்படியே வீட்டுக்குப் போயிரு" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

விசாரணையில் தாணப்பன் கூண்டில் ஏறி, பொன்னுலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், "நான் எப்பவும் களத்திலதான் படப்பு வைக்கது," என்றார். அதற்குள் மராமத்துக்காரர்கள் பலகைக்குப் புது வெள்ளை அடித்துவிட்டிருந்தார்கள். ஒரு பர்லாங்கு தூரத்திலிருந்தே தெரிகிறது என்று போலீஸ் சொன்னது. அது உண்மைதான், விசாரணை நாளில் தெரிந்தது. "சர்க்கார் தூணில் யாராவது வைக்கோல் ஏற்றுவார்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். கோர்ட் சிரித்தது. அந்த நீண்ட அறையில் உண்மை சொன்ன ஒரே ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு ரத்து.

வண்டி ரசலையன் கைக்குப் போனது. அவன் முன்பே லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான்.

பொன்னுலிங்கம் வண்டி ஓட்டிய காலத்தில் மத்தியானம் தம் வீட்டைக் கடக்கும்போது இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும்; சத்தம் கேட்டதும் அவர் மனைவி நாகம்மை உலை வைப்பாள். ரசலையன் அதை நிறுத்தவில்லை. தினமும் இரண்டு தடவை அடித்துவிட்டுத்தான் போனான். அது மரியாதையா, மன்னிப்புக் கேட்பதா என்று பொன்னுலிங்கத்துக்குத் தெரியவில்லை. கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரிந்தது. நாகம்மை அந்தச் சத்தத்துக்கே உலை வைத்து வந்தாள்.

அடுத்த வருஷம் கும்பப்பூ அறுப்புக்கு அவர் கூலிக்குப் போனார். போனது தாணப்பன் வயலுக்கு. கூப்பிட்டது தாணப்பன் ஒருவர்தான். வைக்கோல் காய்ந்ததும் தாணப்பன், "எங்கயாவது நல்லா உறப்பா ஏத்தும் ஓய்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எங்கயாவது என்றுதான் சொன்னார். பொன்னுலிங்கம் ரோட்டைப் பார்த்தார். தூண் நின்றது. அவர் முதல் வைக்கோல் கட்டை அதன் காலடியில் போட்டார். பலகை மறையும்வரை மிதித்து ஏற்றினார்.

பத்தாம் நாள் அதே இடத்தில் வேகக் கேஸில் ரசலையன் மாட்டினான். சாயங்காலம் பொன்னுலிங்கத்தின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, நீங்க கோர்ட்டில ஒரு வாக்கு சொல்லணும். கைப்பிள்ளை இருக்கு எனக்கு."

"போன வருசம் நீ எங்கல போனே?"

அவன் இருட்டும்வரை அங்கேயே நின்றுகொண்டே இருந்தான்.

அவன் போனபிறகு நாகம்மை சொன்னாள்: "இன்னும் ஒரு மாசம். லைசென்சு திரும்பக் கிடைக்கும். அவனுக்காக நீரு போகாண்டாம்."

"அவனுக்காக இல்லட்டி. அந்தக் கோர்ட்டில நான் பொய்யனா நிக்கேன். சர்க்கார் தூணிலயும் வைக்கல் ஏத்துவாங்கன்னு ஒருத்தன் சொல்லணும்லா."

"சொல்லுகதுக்கு நீருதானா கிடைச்சீரு?"

அவர் போனார். கூண்டில் ஏறி, படப்பை வைத்தது நான்தான், பலகை உள்ளே இருந்தது, வண்டி ஓட்டியவன் கண்ணில் பட்டிருக்க வழியில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். போன வருஷமும் இப்படித்தான் இருந்தது என்றும் சொன்னார். அதே மாஜிஸ்ட்ரேட். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. பழைய கேஸ் கட்டை வரவழைத்துப் புரட்டினார்.

"பலகை இருப்பது தெரிந்தும் ஏன் அங்கே வைத்தாய்?"

இந்தக் கேள்விக்குப் பொன்னுலிங்கத்திடம் பதில் இருந்தது. அது வாய்க்கு வரவில்லை. பின்பெஞ்சில் ரசலையன் உட்கார்ந்திருந்தான்.

"அப்படியானால் போன வருஷமும் மறைத்தது நீதான். பழியைத் தாணப்பன் தலையில் போடப் பார்த்திருக்கிறாய்," என்றார் மாஜிஸ்ட்ரேட்.

ரசலையனை விட்டுவிட்டார்கள். சர்க்கார் அடையாளத்தை மறைத்ததற்குப் பொன்னுலிங்கத்துக்கு அபராதம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பும் எழுதினார்கள். அவர் சொன்னதை அந்தக் கோர்ட் முழுசாக நம்பியது அந்த ஒரு நாள்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் ரசலையன் காத்து நின்றான்.

"அறிஞ்சுதான் வச்சீரா அண்ணே? நான் அந்த வழி வருவேன்னு?"

"ஆமா," என்றார் பொன்னுலிங்கம்.

ரசலையன் தலையை ஆட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் மத்தியானம் பொன்னுலிங்கம் வீட்டில்தான் இருந்தார். பஸ் வரும் இரைச்சல் கேட்டது. ஹார்ன் இல்லாமல் வீட்டைக் கடந்து, தேய்ந்து, பாலத்துப் பக்கம் அடங்கியது. நாகம்மை சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கி, "வண்டி இன்னும் போகல்லியா?" என்று கேட்டாள்.

"போயாச்சு," என்றார் அவர். "நீ உலையை வை."