கோட்டைத் தாண்டிய கால்

தண்ணீர் பம்புகள் செய்யும் தொழிற்சாலையின் சோதனை அறையிலேயே தம் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்ற அவரை, உடன் வேலை பார்த்தவர்கள் அளவுகாரர் என்றே அழைத்தனர். அவருடைய இயற்பெயரைச் சொல்லி விசாரித்தால் வாயிற்காவலருக்கே சற்று யோசிக்க வேண்டியிருக்கும். கடைசல் பிரிவிலிருந்து வரும் வளையங்களையும் தண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அளவுக்கருவியில் நுழைத்துப் பார்ப்பது அவர் வேலை. நுழைந்தால் வலப்பக்கத் தட்டில் போடுவார். நுழையாவிட்டால் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து இடப்பக்கத் தட்டில் போடுவார். அது ஏன் பிசகியது என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. அதற்கென்று வேறொரு பிரிவு இருந்தது. காரணம் கேட்கத் தொடங்கினால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் கண் மங்கிவிடும் என்பது அவருடைய கொள்கை.

ஓய்வு பெற்ற பின்னும் கண் ஓய்வு பெறவில்லை. குடியிருப்பில் வண்டி நிறுத்தும் கோடுகள் சமமாக இல்லை என்று அளந்து காட்டினார். கீழ்வீட்டுக்காரர் புதிதாகப் பொருத்திய கதவு சாய்ந்திருக்கிறது என்று, அவர் இனிப்பு கொடுக்க வந்த நேரத்தில் சொன்னார். மனைவி உயிரோடு இருந்தவரை இப்படிப்பட்ட பேச்சுகளின் மீது சிரிப்பைத் தூவி எப்படியோ சரிக்கட்டி வந்தார். அவர் மறைந்த பிறகு வருவோர் போவோர் குறைந்தனர். கடைசியில் எஞ்சியது அடுத்த தெருவில் இருந்த தங்கையின் வீடு மட்டுமே. அதிலும் உண்மையில் அவருக்குத் துணையாக இருந்தவர் தங்கையின் கணவர்.

அவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உரக்கப் பேசுபவர், எதையும் சிரிப்பில் கரைத்துவிடுபவர். "எங்க மச்சான் இருக்காரே, பல்லி சுவத்துல கோணலா போனாக்கூட ரிஜெக்ட் பண்ணிடுவாரு" என்று அளவுகாரரை வைத்துக்கொண்டே ஊராரிடம் சொல்வார். அளவுகாரரும் சிரிப்பார். உலகத்தில் வேறு யார் அவ்வாறு சொல்லியிருந்தாலும் அவர் சிரித்திருக்க மாட்டார்.

அந்தப் பகுதியில் இருந்த பூங்காவின் பின்பகுதி நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்தது. அதைத் திருத்தி டிஸ்க் கோல்ஃப் என்னும் விளையாட்டுக்கான திடலாக்கினார்கள். மரங்களுக்கிடையே ஆங்காங்கே இரும்புக் கம்பம் நட்டு, அதில் ஒரு கூடையும், கூடைக்கு மேலே சரம்சரமாகச் சங்கிலிகளும் தொங்கவிட்டிருந்தனர். ஒவ்வொரு கூடைக்கும் தொலைவில் ஒரு சிமெண்டு மேடை. மேடையில் நின்று ஒரு சாண் அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். இப்படியே வீசிக் கூடையில் சேர்க்க வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர்.

இருவரையும் அங்கே விரட்டியவர் தங்கைதான்.

"ரெண்டு பேரும் சாயங்காலம் ஆனா உக்காந்துகிட்டு டிவிய திட்டுறீங்க. எந்திரிச்சுப் போய் அந்தத் தட்டையாவது வீசுங்க."

"வீட்டுல நான் தட்ட வீசினா மட்டும் கோவிச்சுக்கற?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு தடவ வீசித்தான் பாருங்களேன்."

"வேணாம்மா. பூங்காவே போதும்."

முதல் மாலையில் ஓட்டுநரின் தட்டு மரத்தில் மாட்டிக்கொண்டது. அளவுகாரரின் தட்டு நேராகச் சென்றது, ஆனால் பாதி வழிகூடப் போகவில்லை. "வண்டி நல்லா போகுது மச்சான், டீசல்தான் இல்ல" என்றார் ஓட்டுநர். சில வாரங்களில் ஓட்டுநருக்குக் கை படிந்துவிட்டது. பெரிய வளைவில் வண்டியைத் திருப்புவது போல உடம்பை முழுக்கத் திருப்பி, வலக்காலை முன்னால் ஊன்றி வீசுவார். தட்டு மரங்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சங்கிலியில் மோதும். அந்தச் சலங்கை ஒலிக்காகவே அவர் நாள்தோறும் வந்தார். அளவுகாரர் அவருக்காக வந்தார். தங்கையும் நடைக்கு நடையாயிற்று என்று தட்டொன்றை எடுத்துக்கொண்டு மூன்றாம் ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

நுழைவாயிலில் விதிகள் எழுதிய பலகை ஒன்று இருந்தது. அதை முழுவதும் படித்தவர் அளவுகாரர் ஒருவரே. இந்த விளையாட்டுக்கு நடுவர் கிடையாது. எறியும்போது கால் மேடையின் முன்கோட்டைத் தாண்டினால், உடன் ஆடுபவர் "கால்" என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் இன்னொருவர் அதை ஆமோதித்தால் ஓர் எறி கூட்டிக் கணக்கிடப்படும். ஒருவர் பார்த்தால் போதாது, மற்றவரும் ஒப்ப வேண்டும் என்ற அந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஓட்டுநரின் கால் கோட்டைத் தாண்டத் தொடங்கியது.

"கால், மாப்ளே."

"என்ன மச்சான், செவப்பு வெளக்கக்கூட ஒரு நாளும் தாண்டாத காலு இது."

"இப்ப தாண்டுது."

"வயசான வண்டி. பிரேக்கு கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும்."

தங்கை அப்போது தட்டைத் தேடிக்கொண்டிருப்பார் அல்லது பார்க்காதவர் போல் நின்றுவிடுவார். ஆமோதிக்க ஆளில்லாமல் அழைப்பு வீணாகும். அளவுகாரர் மட்டும் கவனித்துக்கொண்டே வந்தார். வலப்பாதத்தின் நுனி முதலில் சிமெண்டில் உரசியது. குதிகால் பிந்தி வந்தது. ஊன்ற நினைத்த இடத்தில் ஊன்றாமல் அப்பால் போய் நின்றது. மேடை ஏறும் போதும் அந்தக் கால் விளிம்பைத் தட்டியது. உடன் நடந்த எவரும், கட்டிய மனைவியும்கூட, இவ்வளவு துல்லியமாக அந்தக் காலைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். பார்த்து, கோட்டைத் தாண்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

ஒரு ஞாயிறு மாலை, அங்கே வழக்கமாக ஆடுபவர்கள் எல்லோரும் கூடி ஒரு பந்தயம் வைத்துக்கொண்டனர். கடைசிக் கூடை வரும்போது ஓட்டுநரும் அளவுகாரரும் சமநிலையில் இருந்தனர். கடைசிக் கூடை அருகில்தான் இருந்தது, ஆனால் வழியில் ஒரு பெரிய மரம் குறுக்கே நின்றது. அளவுகாரர் இரண்டு எறிகளில் முடித்தார். ஓட்டுநர் மேடை ஏறித் தட்டைத் துடைத்துக்கொண்டார். உடம்பைத் திருப்பி வீசினார். தட்டு மரத்தின் இடப்புறமாக வளைந்து சென்று, சங்கிலி கலகலவென்று ஒலிக்க, நேரே கூடைக்குள் விழுந்தது.

ஒரே எறி. புதிய திடலில் அதுவரை எவரும் செய்யாதது. கூட்டம் ஆர்ப்பரித்தது. உடன் ஆடிய தையற்கடைக்காரர் ஒருவர் தம் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். ஓட்டுநர் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளையைப் போல வாய்கொள்ளாமல் சிரித்தபடி திரும்பினார். அவர் முதலில் தேடியது அளவுகாரரின் முகத்தைத்தான்.

"கால்" என்றார் அளவுகாரர்.

ஆரவாரம் அடங்கியது. எல்லோரும் தங்கையைப் பார்த்தனர். அவர் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். இம்முறை பார்க்கவில்லை என்று சொல்லத் தோதில்லை.

"நீ பாத்தியா?" என்றார் ஓட்டுநர், இன்னும் சிரிப்பு முற்றிலும் போகாத முகத்தோடு.

தங்கை அண்ணனைப் பார்த்தார். சிறு வயதிலிருந்தே அண்ணன் அளந்து சொன்னதில் தவறு இருந்ததில்லை.

"தாண்டுச்சுங்க. கொஞ்சந்தான். ஆனா தாண்டுச்சு."

"அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு" என்றார் ஓட்டுநர். ஓர் எறி கூடியதில் பந்தயம் சமனாகவே முடிந்தது. அவர் கூடைக்குப் போய்த் தட்டை எடுத்தார். போகும்போதும் அவருடைய வலக்கால் புல்லில் இழுபட்டது. அதையும் அளவுகாரர் பார்த்தார்.

மறுநாள் ஓட்டுநர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அளவுகாரர் மாலைதோறும் மேடையருகே நின்று காத்திருந்துவிட்டுத் தனியாகவே ஆடினார். தங்கை தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்."

"நான் சரியாத்தான் சொன்னேன்."

"சரியில்லன்னு யாரு சொன்னா? மனுஷன் நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு. காலுல செருப்புகூட நிக்க மாட்டேங்குது, வீம்பு பிடிச்சுகிட்டு இழுத்து இழுத்து நடக்கறாரு."

"அவர் கோவம் தணியட்டும். அப்புறம் வரேன்."

அந்தப் பேச்சில் எல்லாச் செய்தியும் இருந்தது. சொன்னவருக்கும் அது கேட்கவில்லை, கேட்டவருக்கும் கேட்கவில்லை. இருவரும் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டனர். இரண்டு தெருக்களுக்கும் இடையே ஒரு மருந்துக்கடையும் ஒரு திருப்பமும் மட்டுமே இருந்தன. அந்தத் தொலைவை அளவுகாரர் நடக்கவில்லை.

ஒரு காலையில் ஓட்டுநர் குளியலறையில் விழுந்தார். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலக்கையும் வலக்காலும் அசையவில்லை, பேச்சு குழறிவிட்டது. மருத்துவமனை நடைக்கூடத்தில் இளம் மருத்துவர் ஒருவர் வந்து விசாரித்தார்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா? கால் இழுக்கிற மாதிரி, தடுமாறுற மாதிரி?"

தங்கை திகைத்து நின்றார். "செருப்பு நழுவும் டாக்டர். நான் வீம்புன்னு நெனச்சேன்."

"வலது கால்" என்றார் அளவுகாரர். "மழை நின்னதுல இருந்து. விரல் முன்னாடி உரசும், குதிகால் பின்னாடி வரும். வைக்க நெனச்ச எடத்துக்கு அந்தப் பக்கமா போய் விழும். வீசும்போது மட்டும் இல்ல, படி ஏறும்போதும்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு நல்லா கவனிச்சிருக்கீங்களே. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்."

குற்றம் சாட்டும் குரல் அன்று அது. உண்மையாகவே விளங்காமல் கேட்டவரின் குரல். மருத்துவர் போன பின்பும் அளவுகாரர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தங்கை அவர் தோளைத் தொட்டு உட்காரவைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பின் அவர் தங்கை வீட்டுக்கு நாள்தோறும் போனார். மாத்திரை எடுத்துக் கொடுத்தார், மருந்துக்கடைக்கு நடந்தார், உடற்பயிற்சி சொல்லித்தர வருபவருக்குக் கதவு திறந்தார். ஓட்டுநர் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பேச்சு மெல்லத் திரும்பியது, கேலி திரும்பவில்லை. ஒருநாள் சுவரில் பல்லி ஒன்று கோணலாக ஓடியது. இருவருமே பார்த்தார்கள்.

வெயில் தணிந்த ஒரு மாலையில் ஓட்டுநர் தாமாகவே பூங்காவுக்குப் போக வேண்டும் என்றார். சக்கர நாற்காலியைத் தங்கை தள்ளினார், அளவுகாரர் தட்டை எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் இடக்கையால் வழி காட்டினார். கடைசிக் கூடைக்கான மேடையில் நிறுத்தச் சொன்னார்.

"முன்னாடி. இன்னும்... முன்னாடி."

நாற்காலி கோட்டுக்கருகே நின்றது. ஓட்டுநர் இடக்கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். நாற்காலி குலுங்கியதில் அவருடைய வலப்பாதம் மிதிப்பலகையிலிருந்து நழுவி, கோட்டுக்கு அப்பால் சிமெண்டின் மேல் கிடந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் தங்கையின் கண் போன திசையைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"பாருங்க மச்சான். கால்... தாண்டுதா?"

தங்கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அளவுகாரர் குனிந்து உட்கார்ந்தார். கோடு அவர் கண்ணெதிரே இருந்தது. அவர் பாதத்தைப் பார்த்தார். கணுக்கால் வீங்கியிருந்தது, விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன, செருப்பு கழன்றிருந்தது. இரு கைகளாலும் அதை ஏந்திப் பலகையின் மேல் வைத்து, செருப்பை மாட்டிவிட்டார். கையை எடுக்கவில்லை.

"வலிக்குதா மாப்ளே?"

ஓட்டுநர் அவர் உச்சந்தலையைப் பார்த்தார்.

"வலிச்சா... நல்லா இருக்குமே. நீங்க புடிச்சிருக்கறதே... தெரியல மச்சான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்குக் கேட்டிருந்தா... மரமரன்னு இருக்குன்னு... சொல்லியிருப்பேன்."

பின்பு இடக்கையால் வீசினார். தட்டு மரம்வரைகூடப் போகவில்லை. தடுமாறிச் சரிந்து அருகிலேயே புல்லில் விழுந்தது. கூடையின் சங்கிலிகள் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அளவுகாரர் இன்னும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.