சாம்பல் வரியைத் தேடிப் போனவர்

மலைச் சுகாதார நிலையத்துச் செவிலியர் வேடியம்மாள் சிஸ்டரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே சொல்ல இருப்பவற்றை முதலில் குறித்துவிடுகிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. கருவிகளுக்கு நான் சிம் கார்டைத் தேர்ந்தெடுத்ததும், சிஸ்டர் அதை மறுத்ததும்.
3. சின்னப்பொண்ணுக்கு நேர்ந்ததும், அதன்பின் நான் செய்த திருத்தமும்.
4. சிஸ்டரின் மரணத்துக்கும் அந்தக் கருவிகளுக்கும் தொடர்பில்லை என்பது.

செவ்வாய்க்கிழமை காலை, திருப்பத்தூரில் என் வீட்டுக்குப் போன் வந்தது. மலைச் சுகாதார நிலையத்து ஜீப் ஓட்டுநர் ஏழுமலை. "சார், நம்ம சிஸ்டர ஓடைத் தண்ணி இழுத்துக்கினு போய்டிச்சி சார். காலைலதான் கெடச்சாங்க" என்றார். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல், மழை விட்டதா என்று கேட்டேன். அதை நினைத்து இன்னும் கூசுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலையில் ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகளுக்கு ஓர் அறக்கட்டளை அளவுக் கருவிகள் தந்தது. காலையும் மாலையும் கையில் பட்டையைக் கட்டினால் போதும். எண் தானாகக் கீழே மருத்துவமனைத் திரைக்குப் போய்விடும். எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. சிம் கார்டு, வீட்டிலுள்ள போனுக்கு புளூடூத், உயரமான பாறையில் ஒரே பெட்டி வைத்து, அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் இடங்களிலுள்ள எல்லாக் கருவிகளின் எண்களையும் டவர் இல்லாமலே வாங்கி அனுப்பும் ரேடியோ என மூன்று வழிகள். அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்தேன். போனை ஆண்கள் வேலைக்கு எடுத்துப் போய்விடுவதால் புளூடூத் முதலிலேயே விழுந்தது. பாறையில் பெட்டி வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்பதால் ரேடியோ இரண்டு மதிப்பெண் பின்தங்கியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சிக்னல் பார்த்து வரைபடமும் தயாரித்திருந்தேன்.

சிஸ்டர் அதை விரித்துப் பார்த்தார். "வாசல் வாசலா நின்னு பாத்துக்கிறீங்க. சாமை அறுப்புக்கு வூட்ல யாரு சார் இருப்பாங்க? பன்னி வரும்னு குடும்பத்தோட கொல்லைக் கொட்டாய்க்குப் போய்டுவாங்க. மேப்புல வூடு இருக்குது, வூட்ல ஆளு இல்லியே!"

கொட்டாய்கள், அதாவது வயல்காட்டுக் காவல் குடிசைகள், எல்லாம் பள்ளத்தில் இருந்தன. அங்கே நான் இறங்கிப் பார்க்கவில்லை. பாறைப் பெட்டிதான் வழி என்றால் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகும் என்று முனகினேன்.

"கொழந்தயே வவுத்துல பத்து மாசம் காத்துக்கினு கெடக்குது. உங்க பேப்பருக்கு இன்னா சார் அவசரம்?" என்று சிரித்தார். ஏழுமலையும் சிரித்தார். நான் அட்டவணையை மடித்துக்கொண்டேன். சிம் கார்டே போடப்பட்டது.

அந்த அறுப்புக் காலத்தில் சின்னப்பொண்ணு எட்டு மாதக் கர்ப்பிணி. கொட்டாய்க்குக் கருவியை மறக்காமல் எடுத்துப் போயிருந்தாள். இரண்டு வேளையும் பட்டையைக் கட்டினாள். எண்கள் ஏறிக்கொண்டே போயின, கருவிக்குள்ளேயே தங்கின. மருத்துவமனைத் திரையிலோ வீட்டிலிருந்து கடைசியாக வந்த நல்ல எண் நான்கு நாள் பச்சையாகவே நின்றது. புது எண் வரும்வரை பழையது நிற்கட்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். ஐந்தாம் நாள் சத்து மாத்திரை கொடுக்கப் போன சிஸ்டர், அவள் வலிப்பில் கிடப்பதைக் கண்டார். டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

சிஸ்டர் என்னை வரவழைத்துத் திரையைக் காட்டினார். அப்போதும் அது பச்சைதான். அவர் கோபப்படவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லச் சொல்லுங்க சார். நல்லாக்கீதுன்னு ஏன் சொல்லுது?" என்றார்.

ஒரு நாள் முழுவதும் எண் வராவிட்டால் அந்தப் பெண்ணின் வரி சாம்பல் நிறமாகும்படி மாற்றினேன். சிஸ்டர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "பாறைப் பெட்டி?" என்று கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். என் திருத்தம் நன்றாக வேலை செய்வதாக எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. "கலரு போச்சின்னா சிஸ்டர் செருப்ப மாட்டிக்கினு கெளம்பிடுவாங்க சார்" என்று ஏழுமலை சொன்னபோது, அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சென்ற வார மழையில் டவருக்கு மின்சாரம் நின்றது. திரையில் ஓர் ஊர் முழுவதும் சாம்பலானது. சிஸ்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். மூன்றாவது பெண்ணின் கொட்டாய் ஓடைக்கு அக்கரையில். அந்தப் பெண் நன்றாக இருந்தாள். நல்ல எண்கள் அவள் கருவிக்குள் அனுப்பப்படாமல் கிடந்தன.

துக்கத்துக்குப் போனபோது சிஸ்டரின் நோட்டு ஒன்றை ஏழுமலை என்னிடம் கொடுத்தார். "உங்களுக்குன்னு எழுதி வச்சிருந்தாங்க சார்" என்றார். பிரிக்கத் துணிவில்லாமல் வைத்திருந்தேன். இவ்வளவு எழுதிய பிறகு, சற்று முன்புதான் பிரித்தேன். உள்ளே கொட்டாய்களின் பட்டியல். சிஸ்டர் தானே பாறை மீது ஏறி நின்று, ஒவ்வொரு கொட்டாய்க்கும் எதிரே 'தெரியுது' என்றோ 'தெரியல' என்றோ எழுதியிருக்கிறார். ஒன்றே ஒன்றுக்குத்தான் 'தெரியல'. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் அந்தக் கொட்டாய் தெரிகிறது.

நான் செய்திருக்க வேண்டிய அளவெடுப்பு அது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நோட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொன்ன அந்தக் குரலும்தான்.

மேலே நான்காவதாக எழுதியது தவறு.