மத்தியான அழுமுகம்

கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தது. திண்டிவனத்து மனநல ஆலோசகர் எங்கள் வீட்டுப் போனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தார். மனம் எப்படி இருக்கிறதோ அந்த முகப்படத்தைத் தினமும் மூன்று வேளை தொட வேண்டும்.

அடுத்த முறை போனபோது, "மத்தியானம் மட்டும் ஏம்மா தெனமும் அழுமுகம்?" என்றார்.

எனக்கே புரியவில்லை. கல்லூரிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. மத்தியானத்தில் அது வீட்டில்தான் கிடக்கும். பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் தலைகுனிந்தாள்.

"எப்படி இருக்கீங்கன்னு மணியடிச்சுக் கேட்டுது மேடம். நம்மள யாரு கேக்கறாங்க? அதான் தொட்டுக்கினு இருந்தேன்."

ஆலோசகர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டார்.

போன் கேட்ட அதே கேள்வியை நான் அம்மாவிடம் கேட்க, பஸ் எங்கள் ஊர் ஒலக்கூர் வந்து சேரும்வரை ஆயிற்று. போனுக்கு இல்லாத கூச்சம் எனக்கு இருந்தது.