ஒன்பது கண் பூதம்

முதுகில் ஏழு கண்கள், உள்ளங்காலில் இரண்டு. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து நீட்டினேன். மதினி அதைத் தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "மூச்சு விடுததுக்காவது ஒரு ஓட்டை இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்றேன், பெருமையோடு. "சரி, ஞாயித்துக்கிழமை பாப்போம்."

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஊரை விட்டு வந்து, மராத்தி பேசும் விஷ்ராந்த்வாடியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஞாயிறு மதியங்களில் மதினியோடு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் நால்வர் வருவார்கள். மதினி குகை, கோட்டை என்று கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, தாங்கள் செய்வதைச் சொல்லி, அது பலிக்கிறதா என்று பார்க்க இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். வழிமறிக்கும் பூதங்களை மதினிதான் உண்டாக்க வேண்டும். ஒருநாள் அலுத்துப்போய் என்னிடம் கேட்டார்: "எது எது கெட்டுப்போவும்னு எப்பவும் யோசிக்குத ஆளு நீங்கதான. ஒண்ணு செஞ்சு தாங்களேன்."

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆகுர்டியில் வண்டி உதிரிப்பாகங்களில் துளை அளவு சரியா என்று பார்ப்பது வேலை. வந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும்போது, டீ போடுகிற சாக்கில் சமையலறையில் நிற்பேன். அவர்களோடு உட்கார ஆசை இருந்தது. வாயைத் திறந்தால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. செய்தது யாரென்று சொல்லக்கூடாது என மதினியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒரு குறைகூடத் தப்பவிடக்கூடாது என்கிற அதே தொழிற்சாலைப் புத்தியோடு, ஒரு கதவைக் காக்கும் பூதத்தைச் செய்தேன். தீ, மந்திரம், பின்னாலிருந்து வரும் கத்தி, எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் இருந்தது.

இரண்டு மணி நேரம் போராடித் தோற்றார்கள். நால்வரில் ஒருவரான சென்னைக்காரர் பகடையை மேசையில் போட்டார். "இத செஞ்சவன் ஜென்மத்துல நிம்மதியா இருந்திருக்க மாட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே மதினி சொன்னார்: "யாராலயும் ஜெயிக்க முடியாதுன்னா அது பூதம் இல்ல தம்பி, செவுரு. அதுக்கு என்ன வேணும்னு யோசிங்க."

வாரம் முழுக்க யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சோற்றுக்குக் கிளம்பும் முன் பார்த்து முடித்த உதிரிப்பாகத் தட்டையே மறுபடி மறுபடி பார்ப்பது என் வழக்கம். வியாழனன்று, பக்கத்தில் வேலை செய்த மராத்திக்காரர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "தூ ஜா ரே, மீ பக்தோ." நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றுதான் சோறு ருசித்தது. சாப்பிட்ட கையோடு, தாளில் ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறும் அதே கதவு, அதே பூதம். கத்திகள் தோற்ற பிறகு, அதிகம் பேசாத நாக்பூர்ப் பெண் இந்தியில் கேட்டாள், பாவம், இது எப்போதுதான் தூங்கும் என்று. "அதுகிட்டயே கேளு" என்றார் மதினி. அவள் சற்று யோசித்து, வாளைக் கீழே வைப்பதாகச் சொன்னாள். "நீ தூங்கு. அதுவரைக்கும் கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மதினி பகடையை உருட்டச் சொல்லவில்லை. தாளைப் பார்த்து மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு கண்ணாக மூடியது.

"யாருங்க இத பண்ணது?" என்றார் சென்னைக்காரர்.

மதினி சமையலறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. டீத் தட்டோடு நானே போய் நின்றேன். "நான்தான்."

"அடப்பாவி, போன வாரம் நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. பால்தான் பொங்கிப்போச்சு."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

அண்ணனும் மதினியும் ஊருக்குத் திரும்பி வெகுகாலமாகிறது. சாகணில் என் வீட்டில் இப்போது நான் கதை சொல்கிறேன், இந்தியும் மராத்தியும் கலந்து. இந்த வாரம் ஒருவரும் வரமாட்டார்களோ என்ற கவலை சனிக்கிழமையே தொடங்கிவிடும். வந்துவிடுகிறார்கள். போன வாரம் ஏழு பேர். அதில் இருவர் யாரென்றே தெரியாது, கேள்விப்பட்டு வந்தவர்கள், வாசலிலேயே தயங்கி நின்றார்கள். அவர்களிடம் முதலில் பேசியது நான்தான்.