இரண்டு பொன்னுசாமிகள்

போன வாரம் மகன் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து 'எல்எஸ்' என்று இரண்டெழுத்து தட்டினான். கோப்புப் பெயர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. "எங்க காலத்துல இதுக்கு 'டிஐஆர்'னு அடிப்போம்" என்றேன். "அப்படியாம்மா" என்றான், திரும்பாமலே. எனக்கோ, சோதனைக்கு வரும் சதையை ஊறவைக்கும் ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறியது.

தொண்ணூறுகளில், டவுன்ஹால் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலை எனக்கு. காலையில் சுதா, மதியத்துக்கு மேல் நான். எங்கள் கம்ப்யூட்டரில் கோப்புக்கு எட்டெழுத்துக்குமேல் பெயர் வைக்க முடியாது. பொன்னுசாமி என்று ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்துக்கு இடமிருக்காது. நம் பக்கம் பொன்னுசாமிகளுக்கா பஞ்சம்? அதனால் பொன்னு ஒன்று, பொன்னு இரண்டு என்று எண் போட்டுவிடுவோம்.

அன்றைக்கு இரண்டு பொன்னுசாமிகள். ஒருவர் தாராபுரம், இன்னொருவர் கிணத்துக்கடவு. இரண்டு பேருக்கும் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். கிணத்துக்கடவுக்காரரின் மனைவி முதலில் வந்தார். சுதா ரிப்போர்ட்டை அச்சடித்துப் போட்டுவைத்திருந்த கவரை எடுத்து, ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

"என்னங்க அம்மணி எழுதியிருக்குது?"

"டாக்டர்கிட்டக் காட்டுங்க, அவர் சொல்லுவாருங்க." எங்களுக்கு அதற்குமேல் பேச அனுமதி கிடையாது. உள்ளே புற்று என்று இருந்தது எனக்குத் தெரியும்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தாராபுரத்தாரின் தம்பி வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, கையில் பைக் சாவி. அவருக்கு அச்சடிக்கலாமென்று டிஐஆர் தட்டினேன். கோப்பின் பெயர், அளவு, தேதி என்று இரண்டு வரிகள் வந்தன. ஓரெழுத்துக்கு ஒன்று என்றுதான் அளவு ஏறும். இரண்டுக்கும் மூன்றே மூன்று எழுத்து வித்தியாசம். இரண்டு பேர் உடம்பைப் பற்றி எழுதியது எப்படி இவ்வளவு ஒத்துப்போகும்? தாராபுரத்தைவிடக் கிணத்துக்கடவுக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்து அதிகம் என்று விரல்விட்டு எண்ணினேன். சுதா ஒன்றை நகலெடுத்து, ஊரை மாற்றிவிட்டு, மற்றதை மாற்ற மறந்திருக்கிறாள்.

எங்கள் கூடத்து டாக்டர் கைப்பட எழுதிய தாள்களைத் தேடினேன். கிணத்துக்கடவு, வெறும் கொழுப்புக் கட்டி. தாராபுரம், புற்று.

டாக்டருக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். "உடனே போய்ப் புடிச்சு மாத்திக் குடும்மா" என்றார். சரியானதை டைப் அடித்து அச்சுக்கு விட்டேன். அந்தப் பிரிண்டர் அன்றைக்கென்று வரிக்கு வரி மூச்சு வாங்கியது.

"என்னாச்சுங்க?" என்றார் தம்பி.

"ஒரு ரிப்போர்ட் தப்பாப் போயிருச்சுங்க. அந்தம்மா உக்கடத்துல பஸ் ஏறறதுக்குள்ள புடிக்கோணும்."

"நடந்தா ஆகாதுங்க. ஏறுங்க அம்மணி, நான் கொண்டுபோய் உடறேன்."

அப்பாவைத் தவிர யார் வண்டியிலும் நான் ஏறியதில்லை. யாராவது பார்த்தால் வீட்டில் என்ன சொல்வது என்ற கவலை பாதி தூரம்கூட நிற்கவில்லை. அவர் அண்ணனுக்கு என்ன என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரோ ஹாரன் அடித்துக்கொண்டே, "எங்க அண்ணனுக்கு ஒண்ணும் இருக்காதுங்க, கல்லு மாதிரி ஆளு" என்றார். சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அந்தம்மா, முந்தானையை வாயில் அழுத்தியபடி. கவர் பிரிந்திருந்தது. "மருந்துக்கடைக்காரர் படிச்சுச் சொல்லிப்போட்டாருங்க" என்றார் என்னைப் பார்த்ததும்.

"அது உங்களது இல்லீங்க. இதுதான். வெறும் கொழுப்புக் கட்டிங்க, பயமே இல்லீங்க."

நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு என் கையையும் ஜன்னலுக்கு வெளியே நின்ற தாராபுரத்தார் தம்பியின் கையையும் சேர்த்துப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கோணும் சாமி, உங்கூட்டு ஆளுகளும் நல்லா இருக்கோணும்" என்று அழுதார். தம்பி சிரித்தார். நான் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது அவர் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்தார். கூடத்துக்கு வந்ததும் அவர் அண்ணனுடைய ரிப்போர்ட்டை அச்சடித்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். "டாக்டரப் பாருங்க" என்றேன்.

மறுநாள் சுதா அழுது தீர்த்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒத்துப் பார்க்காமல் எந்தக் கவரையும் ஒட்டியதில்லை.

சில மாதம் கழித்து, வேறு யாருக்கோ ரத்தப் பரிசோதனைக்கென்று அந்தத் தம்பி வந்தார். மொட்டைத் தலை.

"அன்னைக்கு வண்டியில வரும்போதே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தலையாட்டினேன்.

"சொல்லாததும் நல்லதுங்க. அண்ணன் நல்லா இருக்காருன்னு நெனச்சுட்டு நான் கடைசியா வண்டி ஓட்டுனது அன்னைக்குத்தானுங்க."

அந்தக் கூடம் இப்போது செல்போன் கடை. சோதனை முடிவுகள் நேராக அவரவர் போனுக்கே போய்விடுகின்றன. உறையைக் கொடுக்கிற கையும் இல்லை, அதை வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண்ணும் இல்லை.